இரண்டு மரங்களுக்கு நடுவே

“இப்படி ஆளுக்கொரு மூலையில நட்டா எந்தக் குருவி வரும், தாயி?”

வெள்ளைச்சாமி கேட்டார். கேட்டார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி. செவ்வந்தியம்மாவுக்கு வலது காது போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருந்தது.

கத்துவது வெள்ளைச்சாமிக்குப் புதிதல்ல. மேல்மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒருநாள் அதே பஸ்ஸில் பயணியாக ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். திரும்பிப் போக வீடு இருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

கால் போன போக்கில் நடந்து செவ்வந்தியம்மாவின் குடிசை முன்னால் நின்றார். மலையில் தனியாகத் தவமிருக்கும் அந்த அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் வெள்ளைச்சாமி சீடரானார்.

குடிசைக்குக் கீழே ஒரு சரிவு. சரிவின் அடியில் ஓடை. ஒரு காலத்தில் அங்கே பழமரங்கள் மண்டிக் கிடந்தன. சீட்டிக்குருவியும் இருந்தது. யாரோ ஒரு மனிதன் கவலையில்லாமல் சீட்டியடித்துக்கொண்டு நடந்து போகிறான் என்றே தோன்றும், அப்படிப் பாடும் கருநீலக் குருவி. பிறகு யாரோ வந்து தைலமரம் வைத்தார்கள். யாரோ வெட்டி எடுத்துப் போனார்கள். சரிவு மொட்டையாயிற்று. குருவி போயிற்று.

“அது பாடினதைக் கேட்டுத்தான் நான் இந்த மலையில தங்கினேன்,” என்று செவ்வந்தியம்மா ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளைச்சாமியால் அப்படிப் போக முடியவில்லை. அந்த இடது காது அடைந்து போவதற்குள் ஒரே ஒரு தடவை குருவியைப் பாடவைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு ஜபமும் அதுதான், தியானமும் அதுதான்.

நர்சரியில் விசாரித்துக் காட்டு ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்தார். பழம் நெல்லிக்காய் அளவுதான். மனிதன் கடித்தால் முகம் கோணும். பறவைக்கும் மானுக்கும் அது விருந்து. எல்லாக் கன்றுகளையும் ஓடைக்கரையில் ஒன்றோடொன்று இடிக்கும்படி நட்டுவிட்டார். ‘உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு’ என்றே வாழ்ந்த மனுஷர். சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

மறுநாள் காலையில் செவ்வந்தியம்மா வந்து பார்த்தார். உட்கார்ந்து, வேர் மண் உதிராமல் ஒவ்வொரு கன்றாகத் தோண்டி எடுத்தார். சரிவெங்கும் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்.

அப்போதுதான் வெள்ளைச்சாமி அப்படிக் கத்தினார்.

“நெருக்கமா இருந்தாத்தான தாயி பழம் நெறைய இருக்கும்? பழம் இருந்தாத்தான குருவி வரும்?”

“பஸ்ஸு நெறஞ்சிருந்தா ஸ்டாப்புல நிறுத்துவீங்களாண்ணே?”

வெள்ளைச்சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த குழி வெட்டப் போனார். நிறைந்த பஸ்ஸை நிறுத்தாமல் ரெண்டு விசில் கொடுத்துப் போய்க்கொண்டே இருந்தவர்தான் அவர்.

கடைசியாக இரண்டு கன்றுகள் மிஞ்சின. செவ்வந்தியம்மா மேலேறிப் போய்க் குடிசை வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

“அந்த ஓடைப் பாறையில போய் உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“குல்லாயைக் கழட்டுங்க.”

கழற்றினார்.

“சிரிங்க.”

“எதுக்கு தாயி?”

“சிரிங்கண்ணே.”

குளிரில் பல் கிடுகிடுக்க அவர் சிரித்தார்.

“தெரியுது. உங்களுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல எதையும் வச்சுடாதீங்க.”

காதோடு சேர்ந்து புத்தியும் தடுமாறுகிறதோ என்று வெள்ளைச்சாமிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டார். சொன்ன இடத்தில் குழி வெட்டினார்.

மரம் அவசரப்படவில்லை.

ஒரு குளிர்காலத்தில் கேளையாடு என்கிற குட்டை மான் வந்து கொழுந்தையெல்லாம் கடித்துவிட்டுப் போனது. வெள்ளைச்சாமி முள்ளு வெட்டிக்கொண்டு வந்தார்.

“வேலி கட்டப் போறேன், தாயி.”

“கட்டிட்டு, யாரைக் கூப்பிடப் போறீங்க?”

முள்ளு அடுப்புக்குப் போனது.

ஒரு சித்திரையில் மரங்கள் பூத்தன. மூடுபனி இறங்கிய காலையில் எது பனி, எது பூ என்று தெரியவில்லை. தேனீக்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தன. வெள்ளைச்சாமி பாறையில் உட்கார்ந்து, தூக்கமா விழிப்பா என்று அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மேலே திரும்பி, “தாயி!” என்று கூப்பிட்டார். செவ்வந்தியம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

வெள்ளைச்சாமி ஏறிப் போய், முதுகுக்குப் பின்னால் நின்று, பையிலிருந்த பழைய கண்டக்டர் விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினார். காக்கைகள் கலைந்து பறந்தன. முறம் நிற்கவில்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

செவ்வந்தியம்மா எதற்கோ திரும்பியவர், அவருடைய கண்ணையும் கையிலிருந்த விசிலையும் பார்த்தார்.

“ஊதினீங்களா?”

தலையாட்டினார்.

“சரி. இனிமே கத்த வேணாம். முகத்தைக் காட்டிப் பேசுங்க, போதும்.”

“இனி அந்த மரம் யாருக்கு, தாயி?”

அவருடைய உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்ட செவ்வந்தியம்மா, ஓரமாக இருந்த குடத்தைக் காட்டினார்.

“தண்ணி ஊத்தினீங்களா இன்னைக்கு?”

வெள்ளைச்சாமி ஊற்றினார். மனசே இல்லாமல் ஊற்றினார். அந்த வருஷம் பழம் சிவந்தது. கொண்டைக்குருவிகள் கூட்டமாக வந்தன. உதிர்ந்ததைத் தின்னக் கேளையாடு குட்டியோடு வந்தது. விடிந்ததும் பாறையில் போய் உட்காரும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. ஓடைக்கு அந்தப் பக்கம் பனி மூடியிருந்தது, இந்தப் பக்கம் விலகியிருந்தது. யாரோ ஓடையோரமாகச் சீட்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். இந்நேரத்தில் யார் என்று வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார்.

ஆள் இல்லை. சீட்டி மட்டும் வந்தது.

கருநீலமாக ஏதோ ஒன்று பனிக்குள்ளிருந்து சிறகை விரித்து வந்து வலப்பக்க மரத்தில் இறங்கியது. ஒரு பழத்தைக் கொத்தியது. பாடியது.

அவருக்கு மனைவி ஞாபகம் வந்தது. மலைப்பாதையின் வளைவுகள் ஞாபகம் வந்தன. பிறகு எந்த ஞாபகமும் இல்லை. கன்னத்தில் நீர் வழிய, வாய் திறந்தபடி சின்னப் பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று உறைத்தது. யாருக்காகக் கூப்பிட்டோமோ அவருக்குக் கேட்காதே.

எழுந்து குடிசைக்கு ஓடினார். செவ்வந்தியம்மா வாசல் கல்லில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாகவே உட்கார்ந்திருந்தார் போல, மடியெல்லாம் பனி ஈரம்.

“தாயி, வந்துருச்சு. உங்களுக்காகத்தான்...” மரத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

செவ்வந்தியம்மா இரண்டு மரங்களுக்கும் நடுவே தெரிந்த வெறும் பாறையைக் காட்டினார்.

“ஏண்ணே எந்திரிச்சு வந்தீங்க? போய் அங்கயே உக்காருங்க. உங்க முகத்துல ஓடின பாட்டு பாதியில நிக்குது.”