சேற்று நண்டுக்கு ஒரு கை பெரிதான கதை

அந்தக் காலத்தில், உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஆறு கடலில் சேரும் கழிமுகம் முழுவதும் சுரபுன்னைக் காடாக இருந்தது. வேர்கள் சேற்றுக்கு மேலே வளைந்து நின்று மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. கடல் வரும், முட்டும், முனகிக்கொண்டு திரும்பிப் போகும். இக்கரைச் சேற்றில் நண்டுகள் வளை தோண்டி வாழ்ந்தன. எதிர்க்கரையில் நீர்நாய்கள். ஆற்றின் மேலே, வயல் வரப்புகளில் எலிகள். மூன்று ஊருக்கும் ஒரே தண்ணீர்தான். ஆனாலும் ஒரு ஊரார் இன்னொரு ஊராரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

காட்டை அழிக்கச் சொன்னவர் பெருநாரையார்.

"மரம் நிற்பதால்தான் மீன் ஒளிந்துகொள்கிறது. மரம் போனால் மீன் எல்லோருக்கும் பொது" என்றார் அவர். கழுத்து நீண்டவர்கள் பேசினால் எதுவும் நல்ல யோசனையாகத்தான் தோன்றும். எலிகள் வேரைக் கடித்தன. நண்டுகள் அடிமண்ணைப் பறித்தன. விழுந்த மரத்தை நீர்நாய்கள் இழுத்துப் போட்டன. பிற்பாடு எல்லோரும் பழியை நாரையார் மேல் போட்டார்கள். அவர் ஒரு சுள்ளியைக்கூட ஒடித்ததில்லை. ஒடித்த பற்களும் கைகளும் வேறு.

ஒரு பருவம் எல்லோருக்கும் மீன் கிடைத்தது. அடுத்த பருவம் நாரையாருக்கே கிடைக்கவில்லை. மீன் குஞ்சு பொரித்து வளர்ந்தது அந்த வேர்களுக்கு நடுவில்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாரையார் எழுந்து பறந்து வேறொரு கழியில் போய் இறங்கினார். சிறகுள்ளவர்களுக்கு அது ஒரு வசதி.

மற்றவர்கள் கிடந்தார்கள். கடல் இப்போது முட்டிவிட்டுத் திரும்பவில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு வரிசை வளைகளை அரித்துக்கொண்டு போனது. இருந்த வளைக்காரர்கள் பின்னால் நகர்ந்தார்கள். நகர்ந்து நகர்ந்து, முதுகு வயல் வரப்பில் இடித்தது.

"இனி நகர இடமில்லை. மரம் வைக்கணும்" என்றான் சேப்பன் என்ற நண்டு.

"எதை வைப்பே? உன் தலையையா?" என்று பக்கத்து வளை மொக்கன் சிரித்தான்.

"தேவைப்பட்டா அதையும் வைக்கலாம். இப்போதைக்கு நாற்று போதும்."

அழிந்த காட்டில் ஒரே ஒரு தாய்மரம் எதிர்க்கரையில் மிஞ்சியிருந்தது. அதன் வேரிடுக்கில் மடுவாச்சி என்ற நீர்நாய் குட்டி போட்டிருந்ததால், வெட்ட வந்தவர்களை அவள் கடித்துத் துரத்தியிருந்தாள். கடல் உள்வாங்கும் வற்றம் பார்த்துச் சேப்பன் அவளிடம் போனான். துணைக்கு அவன் தங்கை குறுமணியும் போனாள்.

"அக்கா, பிள்ளை வேணும்."

"எந்தப் பிள்ளையை? என் பிள்ளையையா?"

"மரத்துப் பிள்ளையை."

சுரபுன்னையின் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, அதன் பிறகே கீழே விழும். மடுவாச்சி அண்ணாந்து அந்தக் கொத்துகளைப் பார்த்தாள். பிறகு நண்டுகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அடிமண்ணைப் பறிச்ச கைதானேடா இது?"

"ஆமாக்கா" என்றாள் குறுமணி. "மரத்தை இழுத்துப் போட்டது உங்க வீட்டு ஆம்பளைங்க."

மடுவாச்சி மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உருவம் இம்புட்டு. வாய் எம்புட்டு! சரி, பிள்ளை தர்றேன். ஆனா வெறும் உப்புத் தண்ணியில அது பிழைக்காது. ஆத்துத் தண்ணி வந்து கலக்கணும். அந்த எலிப்பய குறுக்கே மண்ணணை போட்டு வச்சிருக்கானே, அதுக்கு என்ன வழி?"

மூவரும் வயலூருக்குப் போனார்கள். எலிகளின் தலைவன் கோட்டையப்பன் அணையின் மேல் உட்கார்ந்து நெல் கொறித்துக்கொண்டிருந்தான்.

"கடல் உங்க வீட்டுப் பிரச்சினை. நாங்க வயல்காரங்க. எங்களுக்கும் சேத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

"நாங்க ஒண்ணும் பிச்சை கேட்டு வரலை" என்றான் சேப்பன்.

மடுவாச்சி குறுக்கிட்டாள். "உன் அடிவளைத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுக் காட்டு. நாங்க திரும்பிப் பார்க்காம போயிடறோம்."

கோட்டையப்பன் இன்னும் வேகமாக நெல்லைக் கொறித்தான். வளைக்குள்ளிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்: "அவரு எங்கே குடிப்பாரு? உப்புக் கரிக்குதுன்னு நாங்க மேல்வளைக்குத் தண்ணிக்கு அலையறோம். வெளியே சொன்னா வயலூர் கௌரவம் என்னாகுமாம்!"

"வாயை மூடுடி."

"நீங்க அணையைத் திறங்க, நான் வாயை மூடறேன்."

ஆற்றைக் கட்டியதால் கீழே ஆற்றுப்படுகை காய்ந்து கிடந்தது. காய்ந்த வழியில் கடல் மண்ணுக்கடியில் ஊர்ந்து வயல்வரைக்கும் வந்துவிட்டது. கோட்டையப்பனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத் தலைவர்களுக்கு நாளாகும். நெல்லைக் கீழே போட்டான். "திறக்கிறேன். ஆனா எங்க ஆளு எவனும் சேத்துல இறங்க மாட்டான்" என்றான்.

"நீ தண்ணியை இறக்கு, போதும்" என்றாள் மடுவாச்சி.

எலிகள் அணையைத் திறந்தன. நீர்நாய்கள் நாற்றுகளை வாயில் கவ்விக்கொண்டு நீந்தி வந்தன. நண்டுகள் குழி பறித்து நட்டன. பகை ஊர்கள் மூன்று ஒரே வேலையில் இறங்கியதை அந்தக் கழி அன்றுதான் பார்த்தது. சேறு முழுக்கப் பச்சைக் குச்சிகள் வரிசையாக நின்றன. மொக்கன்கூட ஒரு குச்சியைத் தட்டிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பிறகு ஏற்றம் வந்தது.

ஏற்றம் வந்தால் ஒவ்வொரு நண்டும் தன் வளைக்குள் போய், சேற்றை உருட்டி வாசலை அடைத்துக்கொள்ள வேண்டும். அது நண்டுகளின் வழக்கம். அன்றும் அப்படியே செய்தார்கள். வற்றத்தில் வாசலைத் திறந்து பார்த்தபோது ஒரு குச்சிகூட நிற்கவில்லை.

மடுவாச்சி கரையேறி வந்து கத்தினாள். "நட்டது எல்லோரும். காத்தது யாருடா?"

"ஏற்றத்துல வளையை அடைக்கிறது எங்க பாட்டன் காலத்து வழக்கம்" என்றான் மொக்கன்.

"உன் பாட்டன் காலத்துல மரம் இருந்துச்சுடா!"

மடுவாச்சி மூச்சு வாங்கினாள். "மரத்துல கடைசியா ஒரு கொத்து இருக்கு. அடுத்த கொத்து தொங்க ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள இந்தக் கரையே இருக்காது. கேட்டுக்குங்க."

அந்தக் கடைசிக் கொத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். நட்டார்கள். உச்சிவெயிலில் கடல் பொங்கத் தொடங்கியது. நண்டுகள் வழக்கம்போல் வளைக்கு ஓடின. சேப்பன் மட்டும் முன்வரிசைக் குச்சி ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

"அண்ணே, வந்து வளையை அடை!" என்று குறுமணி கூப்பிட்டாள்.

"நீ போ. நான் இங்கேதான்."

அடைக்காத வளைக்குள் தண்ணீர் புகுந்தது. அவன் பாடுபட்டுத் தோண்டிய வீடு அவன் கண் முன்னாலேயே இடிந்து விழுந்தது. குறுமணி அதைப் பார்த்தாள். வளைக்குள் போகாமல் திரும்பி வந்து, சேற்றை இரண்டு கையாலும் உருட்டி உருட்டி அந்தக் குச்சியின் அடியில் அணைக்க ஆரம்பித்தாள். அலை கரைத்தது. அவள் மறுபடி உருட்டினாள்.

ஒருவனால் ஒரு குச்சியைத்தான் பிடிக்க முடியும். சேப்பன் காலால் தரையைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் மொக்கனின் வாசல் உருண்டை உள்ளேயிருந்து நகர்ந்தது.

"என்னடா, வீட்டுக்கு வழி தெரியலையா?"

"வீடு போயிடுச்சு மச்சான். பிள்ளை நிக்குது. வந்து ஒண்ணைப் பிடி."

"ஏற்றத்துல கடல்மீன் வருமேடா. கொத்திடும்."

"கொத்தும்" என்றான் சேப்பன்.

மொக்கன் அவனையும், அவனைப் பெற்றவர்களையும், மரத்தையும், கடலையும் திட்டித் தீர்த்தான். பிறகு வாசலைத் திறந்து போட்டுவிட்டு வந்து பக்கத்துக் குச்சியைப் பிடித்தான். அவன் வீடும் இடிந்தது. தட்டும் சத்தம் இப்போது இரட்டையானது. அடுத்த வளை திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. ஆண் நண்டுகள் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்தார்கள். குறுமணியைப் பார்த்து மற்றப் பெண்களும் சேறு உருட்டினார்கள். அவர்கள் வேலையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் அந்த மண் இல்லாவிட்டால் பிடித்தவன் குச்சியோடு கடலுக்குப் போயிருப்பான்.

மீன்கள் வந்தன. மடுவாச்சி தன் கூட்டத்தோடு வரிசையைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். கொத்த வந்த மீனைப் பிடித்துத் தின்றார்கள்; பசிக்கு இரை, காவலுக்குக் காவல். அப்படியும் சில இடங்களில் கை விட்டுப் போனது. அங்கே குச்சியும் இல்லை, நண்டும் இல்லை. போனவர்கள் பெயரை யாரும் எங்கும் செதுக்கி வைக்கவில்லை.

கடல் ஓங்கி நின்ற நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து கலங்கல் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. சேற்றில் இறங்க மாட்டேன் என்ற வயலூரார் அணையை அடியோடு பெயர்த்திருந்தார்கள். கோட்டையப்பன் மீசை வரைக்கும் சேறாக நின்று, "இன்னும் வேணுமா?" என்று கத்தினான். ஆறு ஒரு பக்கம் தள்ள, கடலின் இழுப்பு தளர்ந்தது.

தண்ணீர் வற்றியபோது பாதிக் குச்சிகள் நின்றன. ஒரு காட்டுக்கு அது போதும்.

சேப்பன் பிடியை விட்டான். அலையை எதிர்த்துப் பிடித்திருந்த கை வீங்கி, உடம்பளவு பருத்திருந்தது. வீக்கம் வற்றும் என்று காத்திருந்தார்கள். வற்றவில்லை. மொக்கனுக்கும் அப்படித்தான். அந்த ஏற்றத்தில் குச்சி பிடித்த ஒவ்வொருவனுக்கும் அப்படித்தான். பிறகு பிறந்த ஆண்பிள்ளைகளுக்கும் அப்படியே இருந்தது. சேறு உருட்டிய பெண்களுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல நின்றன. கடல் திரும்ப வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தண்ணீர் வற்றியதும் ஆண்கள் வெளியே வந்து, பருத்த கையைத் தூக்கி அசைத்து அடுத்த வளைக்காரனை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று முதல்தான், கழிச்சேற்றில் ஆண் நண்டு ஒரு கையைத் தூக்கித் தூக்கி அசைக்கிறது. அது இரை எடுப்பது சின்னக் கையால் மட்டுமே. பெரிய கை ஊர்ப்பொது, அதனால் தனக்கென்று ஒரு வாய்ச் சேற்றைக்கூட அதைக்கொண்டு அள்ளிக்கொள்ள முடியாது.