மதிலைத் தாண்டிய பந்து

முட்டம் கால்பந்து அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும் ரசிகர் பனியடிமை கூடவே போவார். கொரோனா வந்து, ஆட்டக்காரர்களைத் தவிர உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றானதும், மூன்று ஆட்டங்களை மதிலுக்கு வெளியே நின்று காதால்தான் பார்த்தார்.

நாலாவது ஊரில் மைதானச் செயலாளர் அவர் நீட்டிய ஆதார் அட்டையைக்கூடத் தொடவில்லை. "வெளியூர்க்காரன் தொட்டது எதுவும் பதினாலு நாளைக்கு உள்ளே வரக்கூடாது!"

கொஞ்ச நேரத்தில் பந்து மதிலைத் தாண்டி வந்து விழுந்தது. பனியடிமை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். செயலாளர் ஓடி வந்தார். "கொடுய்யா, இருக்கிறதே ஒரு பந்து!"

"நான் தொட்டுட்டேனே சார். இது வரலாம்னா நானும் வரலாம்தானே?"

உள்ளே எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கதவு திறந்தது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றவரை முட்டம் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். "இத்தனை நாளா எங்க போனீரு மாமா?"

"வாசல்லதான் மக்கா நின்னேன்."