தலைவர் கையால் நட்ட மருதம்

அந்தப் பேரூராட்சியில் குளக்கரைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் இசக்கியம்மாள். புங்கை, நாவல், இலுப்பை என்று அவள் நட்ட நாற்பதும் தளதளவென்று நின்றன. மரம் நடும் விழாவன்று தலைவர் வீரபாகு தன் கையால் நட்ட மருதம் மட்டும் காய்ந்து சுள்ளியாகிவிட்டது.

"ஏளா இசக்கி, நாளைக்குக் கலெக்டரம்மா வாராங்க. அதுக்குள்ள இது துளிர்க்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று கத்தினார் தலைவர்.

இசக்கி வீட்டில் அடுப்பெரிவதே அந்தச் சம்பளத்தில்தான்.

மறுநாள் கலெக்டர் காய்ந்த கன்றின் முன்னால் வந்து நின்றார். "இவ தண்ணியே ஊத்தலம்மா" என்று முந்திக்கொண்டார் தலைவர்.

இசக்கி கைகளைக் கூப்பிக்கொண்டாள். "தலைவர் கைராசிக்காரரும்மா. அவரே இதைப் பிடுங்கி மறுபடி நட்டா கட்டாயம் துளிர்க்கும்."

போட்டோக்காரர் முன்னால் வந்தார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி, சிரித்த முகமாகக் கன்றைத் தூக்கினார். நர்சரியிலிருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் பை, கிழிக்கப்படாமல் வேரோடு அப்படியே வந்தது.

கலெக்டர் தலைவரைப் பார்த்தார்.

"பையைக் கிழிக்கணும்னு அன்னைக்கே சொல்ல வந்தேம்மா" என்றாள் இசக்கி. "போட்டோவுல நீ விழுந்துருவே, தள்ளி நில்லுன்னுட்டாரு."