மூடுபனியில் ஒரு மரப்புனல்

சிற்றம்பலத்துக்கு அறுபத்திரண்டு வயது. சுவிஸுக்கு வந்து கோப்பை கழுவி, மரக்கறிப் பெட்டி சுமந்து, மூன்று கடைக்கு முதலாளியானவர். தக்காளி விலையில் பத்துச் சதம் குறைக்கப் பத்து நிமிடம் சண்டை பிடிப்பார். அவர் குருவாக வரித்துக்கொண்ட சோதிமலர் அம்மாவுக்கு நாற்பத்தைந்துதான். சீடனை "அண்ணை" என்றே கூப்பிடுவார்.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் பனிமலை காட்டக் கூட்டிப்போனவர், இறங்கும் வழியில் மனதிலிருந்ததைக் கொட்டினார்.

"மூண்டு வருசமாக் கடவுளைக் கும்பிடுறன் அம்மா. நாளுக்கு ஆயிரத்தெட்டுத் தரம். அந்தாள் ஒருக்காக்கூட வாய் திறக்கேல்லை. யாவாரத்திலை எண்டால் இப்பிடிப்பட்ட ஆளோடை நான் முகம் குடுத்தே கதைக்க மாட்டன்."

அம்மா சிரித்தார்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், அடையாளமிட்ட பாதையை விட்டுக் குறுக்கே இறங்கினார் சிற்றம்பலம். கால்மணி நேரத்தில் மூடுபனி வந்து மூடியது. காலில் போட்டிருந்த சப்பாத்தே தெரியவில்லை. ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

கத்தத் தொடங்கினார். ஜெர்மனில் கத்தினார், தமிழில் கத்தினார். மலையை, பனியை, பஸ்ஸுக்கு நேரம் குறித்தவனை, ஒருவரையும் மிச்சம் வைக்காமல் ஏசினார். பாறைகள் அவர் குரலை நாலு பக்கத்தாலும் திருப்பி அனுப்பின.

"ஆரோ கூப்பிடினம்!"

எதிரொலியை நோக்கிப் பாய்ந்தவரின் ஜாக்கெட்டை அம்மா எட்டிப் பிடித்தார். அவர் காலில் பட்டு உருண்ட கல், கீழே விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் எடுத்தது.

"வாயை மூடுங்கோ அண்ணை."

மூடினார். அப்படியே குந்தினார்.

கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பாட்டென்றும் சொல்ல முடியாது, பேச்சென்றும் சொல்ல முடியாது. நீட்டி நீட்டி வந்தது. தவழாத குறையாக இருவரும் அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஒரு மாட்டுக்கொட்டில். வாசலில், பால் வடிக்கிற மரப்புனலை வாயில் வைத்து ஒருவர் கூவிக்கொண்டிருந்தார். பெயர் அலோயிஸ். இவர்களைக் கண்டதும் புனலை இறக்கி, ஒன்றும் கேளாமல் உள்ளே கூட்டிப்போய்ச் சுடச்சுடப் பால் கொடுத்தார்.

இரண்டு மிடறு இறங்கியதும் சிற்றம்பலத்துக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிசன்தான், இல்லை எண்டேல்லை. ஆனால் இதை வெள்ளெனக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா. நான் செத்துப் பிழைச்சனான். கேட்கத்தான் போறன்."

"கேளுங்கோ," என்றார் அம்மா. "எப்ப தொடங்கினவர் எண்டு கேளுங்கோ."

ஜெர்மனில் கேட்டார். அலோயிஸ் கட்டிப்போன தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"நீர் முதல் தரம் கத்தினபோதே. அரைமணி நேரமாகப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்."

சிற்றம்பலத்தின் கோப்பை வாய்க்குப் பாதிவழியில் நின்றது.

"என்ன சொல்லுறார்?" ஜெர்மன் தெரியாத அம்மா கேட்டார்.

சிற்றம்பலம் கோப்பையைக் கீழே வைத்தார். அடுப்பில் விறகு வெடித்தது. பக்கத்தில் மாடுகள் அசைபோடுவது கேட்டது.

"சரி அண்ணை," என்றார் அம்மா. "பால் ஆறப்போகுது. குடியுங்கோ."