சூரியனுக்குள் விழும் தகரக் கப்பல்

“இந்தத் தகர டப்பாவைப் பார்க்க ஜனங்க ஏன் மேடம் வர்றாங்க?” என்று கேட்டார் தணிகாசலம்.

செலின் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. விண்வெளி சாகசப் படங்கள் எடுப்பவள், அதுவும் அந்தக் காலத்துப் பாணியில். கூம்பு மூக்கு ராக்கெட், வட்ட ஜன்னல், நடுங்கும் மீட்டர் முள், மினுக்கும் பல்புகள்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தைந்து. இத்தனை வருஷமும் கம்ப்யூட்டரில் கிரகங்களை உண்டாக்கி வெடிக்க வைத்தவர். ஒருநாள் அவள் படத்துக்குப் போனார். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. அவருடைய கிரகங்களுக்கு யாரும் அப்படிக் கத்தியதில்லை. மறுவாரமே, “உங்ககிட்ட கத்துக்கணும்” என்று வந்து நின்றுவிட்டார்.

“ராக்கெட் ஆடினா தகரம் நெளியறது தெரியுது. டூப்புன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் பண்ணா நிஜம் மாதிரியே இருக்கும். ஆனா அதுக்கு யாரும் பதறலையே?”

“சாப்பிட்டீங்களா?” என்றாள் செலின்.

அவருக்கு ஒரு வாரமாகவே சாப்பாடு இறங்கவில்லை.

தொண்டையில் கட்டி. நாளைக்கு முதல் ரேடியேஷன். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன வாரம் ஆஸ்பத்திரியில் அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முகத்தின் மேல் வலை மாதிரி ஒரு கவசத்தை அழுத்தி, தலையை மேஜையோடு சேர்த்து மாட்டினார்கள். “ரேடியேஷன் அன்னிக்கும் இப்படித்தான் சார். நாங்க எல்லாரும் வெளியே போயிடுவோம். அசையாம இருக்கணும்” என்றார்கள். அந்தக் கனத்த கதவை அவர் பார்த்தார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது.

“ஹீரோ இன்னும் வரல,” என்றாள் செலின். “லைட் பார்க்கணும். நீங்க கப்பலுக்குள்ள உட்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் கண்ணாடி ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்து, கழுத்தோரம் திருகினாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. பிறகு சிவப்பு வெளிச்சம்.

“கப்பல் சூரியனுக்குள்ள விழுது,” என்றது மைக்கில் அவள் குரல்.

கப்பல் ஆடியது. மெல்ல ஆடி, பிறகு எலும்பு குலுங்க ஆடியது. கண்ணாடிக்குள் அவர் மூச்சே அவருக்கு இரைந்தது. சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. இது செட் என்று தெரியும். ஆனால் நெஞ்சுக்குத் தெரியவில்லை. அது நாளைய மேஜையில் போய்ப் படுத்துவிட்டது.

“நிறுத்துங்க!”

சத்தம் கண்ணாடியைத் தாண்டவில்லை.

எதிரே ஒரு லீவர். வெறும் பிளைவுட்டில் திருகி வைத்தது. தச்சர் மாட்டும்போது பக்கத்தில் நின்றவரே அவர்தான். அதன் பின்னால் ஒரு வயர்கூடக் கிடையாது.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

கப்பல் முனகிக்கொண்டு நின்றது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மெதுவாக லீவரை முன்னால் தள்ளினார். ஆடியது. இழுத்தார். நின்றது.

அதைப் பிடித்தபடியே அழுதார்.

கதவு திறந்தது. செலின் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“அந்த லீவர் எதோடயும் சேரலையே மேடம்,” என்றார். “அப்புறம் எப்படி நின்னுது?”

அவள் வழிவிட்டு நகர்ந்தாள்.

கப்பலின் இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேர். தகரத்துக்கு அடியில் மூங்கில் கழிகளைக் கொடுத்துப் பிடித்திருந்தார்கள். எல்லார் சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லார் கண்ணும் அந்த வட்ட ஜன்னலிலேயே இருந்தது.

“ஜன்னல் வழியா உங்க கை தெரியும்ணே,” என்றார் முன்னால் கழி பிடித்திருந்த முஸ்தபா, மூச்சு வாங்க. “அதையேதான் பார்த்துட்டிருந்தோம். சரியா நிறுத்தினோமா?”

தணிகாசலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு எனக்கு ரேடியேஷன்,” என்றார்.

முஸ்தபா கழியைக் கீழே வைத்தார்.

“எத்தனை மணிக்குண்ணே?”