நான்கு தாய்மாமன்களும் ஒரு நிமிடமும்

ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. தாய்மாமன்கள் நான்கு பேர், மருமகள் ஒருத்தி. மருமகளின் பெயர் செண்பகவல்லி. அன்று ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அவளுக்கு முகூர்த்தம்.

ஆலடிக்குறிச்சி கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் ஒரு கேரவன் வந்து நின்றது. சினிமா படப்பிடிப்பில் நடிகர் நடிகைகள் ஏறி இளைப்பாறும் வண்டிதான். உள்ளே ஏசி, கட்டில், குளியலறை, சுற்றிலும் பல்பு பதித்த நிலைக்கண்ணாடி எல்லாம் உண்டு. ஒரு சினிமா கம்பெனி கழித்துக் கட்டிய வண்டியைத் தாய்மாமன்கள் நால்வரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். எங்கள் மருமகள் இதிலிருந்து இறங்கித்தான் மணவறைக்கு வருவாள் என்று மூன்று மாதமாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மூத்தவர் மாசானமுத்து. அடுத்தவர் சொரிமுத்து. மூன்றாமவர் பேச்சிமுத்து. கடைக்குட்டி கொம்பையாவுக்கு வயது நாற்பத்தொன்று. நால்வருமே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதனால் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் அவர்களிடம் யோசித்துத்தான் எதையும் சொல்வார்கள்.

எலெக்ட்ரீஷியன் சவரிமுத்து வெளியூர்க்காரர்.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கம்பியை அடித்தார். "இது எர்த்து. காயவிடாம தண்ணி ஊத்துங்க" என்றார். கொம்பையா ஊற்றினார். ஒரு கை சாணமும் போட்டார். ஏழு மணிக்குள் சுற்றிலும் முள் வெட்டிக் கட்டிவிட்டார்.

"முள்ளு எதுக்குலே?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

"ஆடு வரும்லா."

"ஆடு கம்பியைத் திங்குமா?"

"இப்பத் திங்காது. துளிர் விட்டா?"

பேச்சிமுத்து யோசித்துப் பார்த்து இன்னொரு கட்டு முள் கொண்டுவந்தார்.

அதுவரை வண்டி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் மண்டபத்திலிருந்து ஆள் அனுப்பினார். ஒன்று அந்தச் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தான் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சவரிமுத்து மண்டபத்திலிருந்து வண்டி வரைக்கும் வயர் இழுத்தார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு கைப்பிடி இருந்தது. கீழே தள்ளினால் ஜெனரேட்டர் கரண்டு, மேலே தள்ளினால் மண்டபத்துக் கரண்டு, நடுவில் வைத்தால் எதுவும் வராது. அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு கல்யாண வேலை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதி மாசானமுத்துவிடம் கொடுத்தார்.

"முதலில் எல்லாவற்றையும் அணைக்கவும். கைப்பிடியை நடுவில் வைத்து ஒரு நிமிடம் காத்திருக்கவும். பிறகு மேலே தள்ளவும். இரண்டு கரண்டும் எக்காரணம் கொண்டும் சந்திக்கக் கூடாது."

"இதை மீறினீங்கன்னா வண்டி கரிக்கட்டைதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினார்.

சந்திக்கக் கூடாது என்பது சகோதரர்களுக்கு உடனே புரிந்தது. "மேலத்தெரு சித்தப்பாவையும் கீழத்தெரு சித்தப்பாவையும் வேற வேற பந்தியில உக்கார வைக்கோம்லா, அதே கணக்குதான்" என்றார் சொரிமுத்து. ஜெனரேட்டருக்கும் மண்டபத்து வயருக்கும் நடுவே ஒரு வேட்டியைத் திரை மாதிரிக் கட்டினார்.

எட்டு நாற்பத்திரண்டுக்கு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். ஏசி, விளக்கு, பிரிட்ஜ், கண்ணாடி பல்பு எல்லாம் நின்றன. செண்பகவல்லியின் முடியை நேராக்கிக்கொண்டிருந்த மெஷினும் நின்றது. இடது பக்கம் அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. வலது பக்கம் பிறந்தபோது எப்படியோ அப்படியே சுருண்டு கிடந்தது.

"மாமா! பாதிதான் ஆயிருக்கு!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

"ஒரு நிமிஷம்தான் தாயி" என்றார் மாசானமுத்து.

பிறகு ஆலோசனை நடந்தது.

"எல்லாத்தையும்னா, போனும் சேர்த்தியா?" என்றார் பேச்சிமுத்து.

"போன்ல இருக்கது என்ன, பாயசமா? கரண்டுதானே?" என்றார் சொரிமுத்து.

நான்கு போனையும் அணைத்தார்கள். செண்பகவல்லியின் போனையும், முடி அலங்காரம் செய்ய வந்த ஜெபாவின் போனையும் வாங்கி அணைத்தார்கள். கைக்கடிகாரங்களைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார்கள். வண்டிக்குள் இருந்த சுவர்க் கடிகாரம் வண்டிக் கரண்டில் ஓடுவது. அது தானாகவே எட்டு நாற்பத்திரண்டில் நின்றிருந்தது. அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவரின் காது மெஷினையும் கேட்டு வாங்கி அணைத்தார்கள். ஏன் என்று அவர் கேட்டார். விளக்கமாகச் சொன்னார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

சொரிமுத்துவுக்குத் திருப்தி இல்லை. "கரண்டு வாறது மண்டபத்துலேர்ந்து. அப்ப மண்டபமும் எல்லாத்துலயும் சேர்த்திதானே?" என்று போய் மெயினை இறக்கிவிட்டார். காற்றாடிகள் நின்றன, மைக் நின்றது, சமையலறையில் பாதி அரைத்த சட்னியோடு கிரைண்டர் நின்றது. மண்டப மேனேஜர் மெயினை ஏற்றிவிட்டு, சொரிமுத்துவை மைதானம் வரைக்கும் விரட்டிவிட்டுப் போனார்.

மாசானமுத்து கைப்பிடியை நடுவில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்ப ஒரு நிமிஷம். யாராவது மணியைப் பாருங்கலே."

எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எட்டு நாற்பத்திரண்டு. நெடுநேரம் பார்த்தார்கள். எட்டு நாற்பத்திரண்டு.

"மெதுவாத்தான் போவுது" என்றார் கொம்பையா.

"எண்ணுவோம்" என்றார் பேச்சிமுத்து. அவரும் சொரிமுத்துவும் எண்ணினார்கள். பேச்சிமுத்து அறுபதைத் தொட்டபோது சொரிமுத்து முப்பத்தெட்டில் இருந்தார்.

"பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி எண்ணுதே."

"நீரு மாடு அசை போடுத மாதிரி எண்ணுதீரு."

"சண்டை வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல அறுபது வரணும். திரும்ப எண்ணுங்க" என்று தீர்ப்புச் சொன்னார் மாசானமுத்து.

ஒன்பது முறை எண்ணினார்கள். ஒரு முறைகூட ஒன்று போல வரவில்லை.

கொம்பையா மண்டபத்துக்கு ஓடி அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "ஆயிட்டு! ஒரு நிமிஷம் ஆயிட்டு!"

"எப்போ?"

"நான் அங்க நிக்கையில."

"அது அங்கத்த நிமிஷம்லா. இங்கத்த நிமிஷம் எங்கே?"

கொம்பையா மறுபடி ஓடினார். இந்த முறை நேரத்துக்கு வந்து சேர வேண்டுமென்று நிமிடம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். முடிந்ததா என்று கேட்டபோது, தான் புறப்படும்வரை முடியவில்லை என்று உண்மையைச் சொன்னார்.

ஜன்னலில் செண்பகவல்லியின் முகம் வியர்த்து மை வழிந்தது. "மாமா, பழையபடி ஜெனரேட்டரையே போடுங்க!"

"அதுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் வேணுமே தாயி."

அவளுக்கு அழுகை வந்தது. அந்த ஊர் வழக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். நான்கு தாய்மாமன்கள் இருந்தும் அவளைக் கூட்டிப்போக ஆள் இல்லை. மாப்பிள்ளை மணவறையில் ஒன்பது மணியிலிருந்து தனியாக உட்கார்ந்திருந்தார்.

பத்து ஐந்துக்கு மாசானமுத்துவின் மனைவி வடிவு மைதானத்துக்கு வந்தாள்.

"ஏங்க, மணி என்ன தெரியுமா?"

"எட்டு நாப்பத்திரண்டு."

"பத்து அஞ்சு!" என்று தன் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மாசானமுத்து பதறிப்போனார். "ஏட்டி, இதை அணைக்கவே இல்லையா?"

"இதை எதுக்கு அணைக்கணும்?"

"பாத்தியாலே" என்று தம்பிகளிடம் திரும்பினார். "ஒரு கடியாரம் அணையாம இருந்திருக்கு. நேரம் பூரா அது வழியாத்தான் போயிருக்கு."

அணைக்காத கடிகாரம் காட்டும் நிமிடம் செல்லாது என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

செண்பகவல்லி வண்டியை விட்டு இறங்கினாள். "பெரிய மாமா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்லையா?"

மாசானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வலது கையால் கைப்பிடியைப் பிடித்தபடி இடது கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து நீட்டினார். அப்போதும் எட்டவில்லை.

"இரு தாயி. இன்னும் ஒரு நிமிஷம்."

"எந்த ஒரு நிமிஷம் மாமா?"

நால்வரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"அத்தை, நீங்க வாங்க" என்று வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். சுருட்டைப் பக்கத்தை மறைக்க ஜெபா ஆறு முழம் மல்லிகையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"இவ்வளவு சீக்கிரம் போயி என்ன செய்யப் போறா?" என்றார் பேச்சிமுத்து.

பத்து இருபத்தொன்றுக்கு மண்டபத்தில் மேளம் உச்சத்தில் முழங்கியது.

"அண்ணாச்சி, கெட்டிமேளம் கேக்கு."

"ஒத்திகை பாக்காங்கலே."

பந்தி முடிந்தது. பாயச வாசனை மைதானம் வரை வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் சாப்பிடுவது முறையில்லை என்று நால்வரும் பசியோடு இருந்தார்கள்.

மாலை மூன்றரைக்கு சவரிமுத்து வயரைச் சுருட்ட வந்தார். மாசானமுத்து கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சொரிமுத்து வேட்டித் திரைக்குக் காவல் இருந்தார். கொம்பையா கம்பிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீங்க?"

"ஒரு நிமிஷம் காத்திருக்கோம்."

சவரிமுத்து மாசானமுத்துவின் கையை விலக்கி, கைப்பிடியை மேலே தள்ளினார். விளக்குகள் எரிந்தன. சுவர்க் கடிகாரம் ஓடத் தொடங்கி எட்டு நாற்பத்து மூன்றுக்கு வந்தது.

"முடிஞ்சுது ஒரு நிமிஷம்!" என்று நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேட்டரிகளை மாட்டி, கடிகாரங்களை எட்டு நாற்பத்து மூன்றுக்குத் திருத்தினார்கள். தலைப்பாகை கட்டி, தாய்மாமன் சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள்.

மண்டபம் காலியாக இருந்தது. ஒரு பெண் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எங்கம்மா?"

"மாப்பிள்ளையோட கார்ல கிளம்பிப் போயாச்சே அண்ணாச்சி."

மாசானமுத்து தட்டை இறக்கி வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். எட்டு ஐம்பது. அங்கிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவளைப் பெத்த அக்காகிட்ட நாம என்னன்னு சொல்ல?" என்றார் கொம்பையா.

ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நால்வரும் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தார்கள். தங்கள் மருமகள் செண்பகவல்லி முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஒரு பையனோடு ஓடிப்போய்விட்டதாகவும், பையன் நல்ல இடம் என்பதால் இருவரையும் கண்டுபிடித்து அவனுக்கே அவளைக் கட்டி வைக்க வேண்டும் என்றும் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.