மேலவீதியில் ஆதிச்சநம்பி அளந்த நிலம்

வேங்கைமாநகரில் தேரோடும் வீதிகள் நான்கு. நான்குக்கும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. போன வருஷம் கீழவீதியில் தேர் மூன்று நாழிகை நின்றது. மேலவீதியில் இரண்டரை நாழிகைதான். அந்த அரை நாழிகைக்காக இரண்டு வீதிக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரு வருஷம் நின்றுபோயிற்று. கீழவீதியில் சக்கரம் சேற்றில் புதைந்ததால்தான் தேர் நின்றது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு புரட்டாசி மாதம் நாற்பது குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தேங்காய் நாரில் கயிறு திரிப்பவர்கள். அவர்களுடைய ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆற்றங்கரையில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அடைமழை தொடங்கினால் ஆறு பெருகும், குடிசைகள் போய்விடும். அவர்களுக்குத் தலைவி செம்பவளம் என்கிற பெண். அவள் சபைக்கு வந்து கோதண்டவர்ம அரசரிடம் ஊருக்குள் இடம் கேட்டாள்.

தளவாய் மல்லண்ணர் எழுந்தார்.

"அரசே, தேங்காய் மட்டை ஊறினால் நாற்றம் எடுக்கும். எந்த வீதிக்காரன் சம்மதிப்பான்? நீங்கள் கட்டளையிட்டால் பணிவார்கள். ஆனால் இவர்களை நிம்மதியாக வாழவிட மாட்டார்கள். வீதிக்காரர்கள் தாங்களாகவே வந்து கேட்கட்டும். மூன்று நாள் தவணை. யாரும் கேட்காவிட்டால் இவர்கள் வேறு ஊர் பார்க்கட்டும்."

"தாங்களாக எப்படி வந்து கேட்பார்கள்?" என்றார் அரசர்.

"அதற்குத்தான் நம் சபைப் புத்திசாலி ஆதிச்சநம்பி இருக்கிறாரே. ஆனால் அவர் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது, கெஞ்சக்கூடாது. எதையும் தருவதாகச் சொல்லக்கூடாது. யாரையும் மிரட்டவும் கூடாது."

அரசரும் அதையே உத்தரவாகச் சொன்னார்.

தளவாய்க்கு நம்பியைப் பிடிக்காது. நம்பிக்கும் தளவாயைப் பிடிக்காது. ஆனால் நம்பி அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

"ஆகட்டும் அரசே" என்றார் நம்பி.

மறுநாள் காலை நம்பி ஒரு கயிற்றையும் நான்கு முளைக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டு மேலவீதிக்குப் போனார். அங்கே காலியாகக் கிடந்த நிலத்தை அளந்தார். ஒரு தடவை நீளவாட்டில், ஒரு தடவை அகலவாட்டில். நாலு மூலையிலும் முளை அடித்தார். எண்ணெய் வியாபாரி சங்கிலிச் செட்டியார் ஓடிவந்தார்.

"நம்பியாரே, என்ன அளக்கிறீங்க?"

"சும்மா."

"சும்மா யாராவது அளப்பாங்களா?"

"கயிறு நன்றாக இருக்கிறது. ஆற்றங்கரையில் வாங்கினேன்."

அவ்வளவுதான். நம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. கீழவீதித் தலைவர் பொன்னுரங்கம் மூச்சு வாங்க நின்றார்.

"மேலவீதியில நிலம் அளந்தீங்களாமே?"

"அளந்தேன்."

"கயிற்றுக்காரங்களுக்கா?"

"அவர்களைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது என்று அரசர் உத்தரவு. ஆகையால் நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை."

"அப்ப எங்ககிட்ட கேக்கக்கூடாதுன்னு உத்தரவே போட்டாச்சா! நாப்பது குடும்பமும் அவங்களுக்கேவா?"

நம்பி வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலிருக்கிறது" என்றார்.

பொன்னுரங்கம் செருப்பைக்கூடப் போடாமல் போனார்.

மூன்றாம் நாள் காலை அரண்மனை வாசலில் கூட்டம் தாங்கவில்லை. கீழவீதியார் கூரை போட மூங்கிலும் ஓலையும் வண்டியில் ஏற்றியே வந்துவிட்டார்கள். தெற்கு வீதியார் தங்கள் குளத்தில் மட்டை ஊறப்போடலாம் என்றார்கள். வடக்கு வீதி வைத்தியர் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து காய்ச்சி எடுத்து வந்திருந்தார். மேலவீதியாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் கேட்கிறார்கள் என்றதும் புரிந்துவிட்டது.

"அளந்தது எங்க வீதியில! அவங்க எங்களுக்குத்தான்!" என்றார் செட்டியார்.

"மட்டை நாறுமே?" என்றார் அரசர்.

"நாறுதா? யார் சொன்னது? கீழவீதிக்காரன் சொன்னானா?"

அரசர் செம்பவளத்தைக் கூப்பிட்டார். "உனக்குச் சம்மதமா?"

"சம்மதந்தான் சாமி. எங்களைத் தனித்தனியாப் பிரிச்சுப் போட்றாதீங்க. ரெண்டு மூணு வீடாவது பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். ஒண்ணுதான் புரியலை. ஒரு குடம் தண்ணி கேட்டப்போ கதவைச் சாத்துனவங்க, இப்ப ஏன் எங்களுக்காக அடிச்சுக்கிறாங்க?"

"இந்த ஊர்ப் பழக்கம் அம்மா. போகப்போகப் பழகிவிடும்" என்றார் நம்பி.

செம்பவளம் சிரித்துவிட்டாள். ஊர் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

குடும்பங்களைப் பிரித்து எழுதி முடித்தார்கள். அப்போது தளவாய் மல்லண்ணர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"அரசே, மேலவீதிக்குப் பதினொன்று. நான் குடியிருக்கும் வடக்கு வீதிக்கு ஒன்பதுதான். இது என்ன நியாயம்?"



"என்னையும் மேலவீதியிலதான் எழுதியிருக்கு. வடக்கு வீதிக்கு மாத்திருங்க சாமி" என்றாள் செம்பவளம். "தளவாய் வீட்டை ஒட்டியே இடம் குடுங்க."

தளவாய் வணங்கி ஏற்றுக்கொண்டார். வேறென்ன செய்வார்?

அரசர் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது வெடித்தது. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெளியே மழையும் தொடங்கிவிட்டது.

"நம்பி, என்ன வேண்டுமோ கேள். தருகிறேன்."

"ஆற்றங்கரைக் குடிசைகள் இனிக் காலியாகிவிடும் அல்லவா அரசே? அதில் ஒன்று வேண்டும்."

"வெள்ளம் வரப்போகிறது! குடிசை எதற்கு உனக்கு?"

"என் வீடு அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆள் வாங்கிக் கொடுத்துவிட்டு நம் சந்துக்கு ஒரு குடும்பம்கூட இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்."